பொன்னிலை மெலலூக்கா: யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் வளர்ப்பு (அனுபவப் பகிர்வு)

உரும்பிராய்:

கோல்டன் மெலலூக்கா, சில இடங்களில் கோல்டன் பொட்டில் பிறஷ் என்று சொல்லி விற்கிற செடியைப் பற்றித்தான் இந்த இழை. ஊசிபோல மெல்லிய பொன்னிற இலை, இளங்கொப்பில் செம்மை, ஆண்டு முழுக்க இலை இருக்கும். கசக்கினால் கிராம்பும் துளசியும் சேர்ந்தமாதிரி ஒரு வாசம். அந்த வாசத்துக்குப் பெரும் காரணம் மெதில் யூஜினோல். மாந்தோப்புகளில் பழ ஈப் பொறிக்குள் வைப்பதும் இதே பொருள்தான். தாய்ச்செடி அவுஸ்திரேலியாவில் ஆற்றோரங்களில் பச்சை இலையோடு வளர்வது. பொன்னிலை தெரிந்தெடுத்துப் பெருக்கிய வகை.

ஆனைக்கோட்டையிலிருந்தும் நல்லூரிலிருந்தும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நட்டு ஆறு மாதத்தில் ஏன் நுனி வெளுத்துக் கருகுது? வெயில் கூடிவிட்டது என்று நினைத்துச் செடியை நிழலுக்கு இழுக்க வேண்டாம். இந்தச் செடியின் பொன் வெயிலால் வருவது. நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் வேணும். மாமரத்துக்குக் கீழே வைத்தால் இரண்டு மாதத்துக்குள் பச்சையாகிவிடும். வெளுப்பது வேறு சங்கதி. அது வேரில் சுண்ணாம்பு. மண்ணில் இருக்கிற இரும்பைச் சுண்ணாம்பு செடிக்கு எட்டவிடாது, அதனால்தான் தளிர் வெளுக்குது.

முதலில் மண்ணைப் பாருங்கோ. நடப்போகிற இடத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து உலரவிட்டு, அதன்மேல் வினாகிரி சில துளி விடுங்கோ. வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ச் சாறும் போதும். சும்மா ஊறிப்போனால் பயமில்லை. நுரைத்துப் பொங்கி, காதுக்குக் கிட்டப் பிடித்தால் சிர் என்று சத்தம் வந்தால் அங்கே சுண்ணாம்பு தாராளம். ஒரே வளவில் கிணற்றடியில் பொங்கும், முற்றத்தில் பொங்காது. கிணறு வெட்டின கல்லும் மண்ணும் பரப்பின இடம் எது என்பதைப் பொறுத்தது அது.

பொங்காத செம்பாட்டு மண்ணில் நேரே நடலாம். கிடங்கு 60 சென்ரிமீற்றர் நீள அகல ஆழம். தோண்டின மண் இரண்டு பங்குக்கு நன்கு மக்கின இலைக்குப்பை ஒரு பங்கு, கழுவின தும்புத்தூள் ஒரு பங்கு, ஒரு வருடப் பழைய மாட்டெரு அரைப்பங்கு. கோழியெரு வேண்டாம், அதில் சுண்ணாம்பும் பொஸ்பரசும் கூட. அடுப்புச் சாம்பலும் வேண்டாம். மரவள்ளிக்கும் வாழைக்கும் போடுகிற பழக்கத்தில் இதற்கும் ஒரு பிடி தூவிவிடுவார்கள். சாம்பல் மண்ணின் காரத்தை இன்னும் ஏற்றும், இருக்கிற இரும்பும் செடிக்கு எட்டாமல் பூட்டுப்படும்.

மாவிட்டபுரம்:

இந்தப் பக்கம் அலவாங்கு போட்டால் ஒன்றரை அடியில் கல்லு. கல்லை உடைத்துக் கிடங்கு செய்து நல்ல மண் நிரப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். மாரியில் அந்தக் கிடங்கு தொட்டியாகித் தண்ணி நிற்கும், கோடையில் நாலு பக்கமும் சுண்ணாம்புச் சுவர். மேட்டுப்பாத்திதான் வழி. 45 சென்ரிமீற்றர் உயரம், குறைந்தது ஒரு மீற்றர் அகலம்.

சீமெந்து வளையத்துக்குள் நடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். வளையத்தின் உட்பக்கம் தடித்த பொலித்தீன் விரித்து, அடியைத் திறந்து விடுங்கோ. புதிதாகப் பூசின மதிலுக்கு ஒரு மீற்றருக்குள் நட வேண்டாம். பூச்சு வேலையில் விழுந்த கலவைக் கட்டிகள் மண்ணுக்குள் கிடந்து வருடக்கணக்கில் தொல்லை தரும். மேற்குப் பார்த்த மதில் என்றால் பின்னேரச் சூடும் சேர்ந்து நுனியைப் பொசுக்கும்.

நல்லூர்:

உரும்பிராய் அண்ணை, எங்கட மண் பொங்கவில்லை. இருந்தும் சாடியில் வைத்த செடி வெளுக்குது. கலவையும் நீங்கள் சொன்ன கலவைதான்.

உரும்பிராய்:

சாடியின் விளிம்பைப் பாருங்கோ தங்கச்சி. மண்ணுக்கு மேலே வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா? கேத்திலுக்குள் படிகிற அதே பொருக்கு. எங்கட கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து ஊறுபவை, தண்ணியிலேயே கரைந்த சுண்ணாம்பு இருக்கு. நிலத்தில் நட்ட செடிக்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்கிற மழை வேரடியைக் கழுவிக் கொடுக்கும். தாழ்வாரத்துச் சாடிக்கு அந்தக் கழுவல் கிடைப்பதில்லை. நல்ல கலவையும் ஒரு கோடைக்குள் சுண்ணாம்பு மண்ணாகிவிடும்.

மாரியில் சாடியை வெளியே தூக்கி வையுங்கோ. கூரைத் தண்ணியைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் சாடிச் செடிகளுக்கு அதுபோல வேறொன்றில்லை. அது முடிந்தபிறகு, 10 லீற்றர் கிணற்றுத் தண்ணிக்கு சித்திரிக் அமிலம் 2 கிராம், ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. கரைத்து அரை மணித்தியாலம் வைத்து ஊற்றலாம். அளவு கூட்ட வேண்டாம், வேர் சுடும்.

வெளுத்த செடிக்கு இரும்பு கொடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கு. பெரசு சல்பேற்றை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைத் துருவாக்கி முடித்துவிடும், காசுதான் வீண். செலேற் இரும்பு, அதாவது சுண்ணாம்பு பிடிக்காதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, வாங்கும்போது பக்கெற்றைத் திருப்பி வாசியுங்கோ. ஈடிடிஏ (EDTA) என்றிருப்பது கார மண்ணில் நின்று பிடிக்காது. ஈடிடிஎச்ஏ (EDDHA) என்றிருப்பதுதான் வேணும். தண்ணியில் கலந்தால் இரத்தச் சிவப்பாக இருக்கும். மூன்றடிச் செடிக்கு 5 கிராமை 5 லீற்றரில் கரைத்து, ஈரமாக்கின மண்ணில் பொழுதுபட ஊற்றி, மேலே கொஞ்சம் தண்ணி விட வேணும். வெளிச்சம் பட்டால் அதன் வீரியம் குறையும். இரண்டு மூன்று கிழமையில் புதுத்தளிர் வெண்மை நீங்கி மஞ்சளாக வரும். பழைய வெளுத்த இலை முழுக்கத் திரும்பாது, அதைப் பார்த்து இன்னொருக்கால் போட வேண்டாம்.

ஆனைக்கோட்டை:

பொன்னிலைச் செடியில் நோய் மஞ்சளை எப்படிப் பிரித்தறிவது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. இலை இரண்டு மில்லிமீற்றர் அகலம்தான், நரம்பு கண்ணுக்குப் படாது. ஆகவே செடியின் உள்பக்கத்தை விரித்துப் பாருங்கோ. சுகமான செடியில் வெளியே பொன், உள்ளே வெயில் படாத இடத்தில் இளம்பச்சை. இரும்புக் குறைவென்றால் நுனித்தளிர் பாலாடை நிறத்தில் சிறுத்து, ஓரம் பழுப்பாகும், அடியிலைகள் ஓரளவு நன்றாக இருக்கும். தழைச்சத்துக் குறைவு மறுவளம்: அடியிலையில் தொடங்கி மேலே ஏறும், உள்பச்சையும் போய்விடும். உவர் என்றால் நிறம் மாறமுதலே இலைநுனி கருகும். வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் கோடை முற்ற முற்றக் கிணறு உவர்ப்பதால் அங்கே இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேணும்.

இன்னொன்று. வெங்காயமோ புகையிலையோ செய்த பழைய தறையில் நடுபவர்கள் முதல் வருடம் உரமே போட வேண்டாம். அங்கே பொஸ்பரஸ் தேங்கிக் கிடக்கும், அதுவும் இரும்பைத் தடுக்கும். யூரியா போட்டுத் தள்ளினால் கொப்பு நீண்டு மெலிந்து சாயும், பொன் மங்கிப் பச்சையடிக்கும்.

உரும்பிராய்:

உண்மை, அந்த உள்பக்கப் பார்வைதான் சரியான சோதனை.

கொண்டாவில்:

நடுகிற காலம்: மாரியின் கனமழை ஓய்ந்து, மார்கழிக் கடைசி தொடக்கம் தை வரை. பையை வெட்டிக் கழற்றும்போது அடியில் சுருண்ட வேர் தெரிந்தால் கத்தியால் நாலு பக்கமும் ஒரு விரல் அளவு கீறி விடுங்கோ. சுருண்டபடி நட்டால் இரண்டு வருடம் நின்று, பிறகு சோளகத்தில், அதுதான் தென்மேற்குக் காற்றில், வேரோடு சாயும். அந்தக் காற்று வைகாசி தொடங்கி ஆவணி தாண்டியும் அடிக்கும், மண்ணில் ஈரமிருந்தாலும் இளங்கொப்பை உலர்த்திவிடும். முதல் வருடம் தென்மேற்குப் பக்கம் கிடுகு ஒன்று சாத்துங்கோ. நட்ட முதல் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருக்கால் 8–10 லீற்றர், இரண்டாம் கோடையில் கிழமைக்கு இரண்டு தரம். பூவரசிலையோ வாழைச்சருகோ எட்டு சென்ரிமீற்றர் தடிப்பில் மூடுங்கோ, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட்டு. தண்டோடு ஒட்டி மூடினால் கறையான் ஏறும்.

வேலிக்கென்றால் 75 சென்ரிமீற்றர் இடைவெளி. விட்டால் 3–4 மீற்றர் வரை போகும், ஆகவே இடுப்பளவிலேயே நுனி கிள்ளத் தொடங்குங்கோ. ஒரு தரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம், இலையில்லாத பழங்கட்டைவரை இறக்கினால் தளிர்ப்பது நிச்சயமில்லை. முழுப்பச்சைக் கொப்பு ஒன்று கிளம்பினால் அடியோடு வெட்டுங்கோ. அதற்குப் பச்சையம் கூட, வேகமாக வளர்ந்து பொன்னை மூடிவிடும்.

பெருக்குவது தண்டால் மட்டும்தான், விதை தாய்மாதிரி வராது. அரைமுற்றல் கொப்பில் பத்து சென்ரிமீற்றர் துண்டு, கீழ் மூன்றில் இரண்டு பங்கு இலை உருவி, வேர்விடும் தூளில் தொட்டு, ஆற்றுமணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்ததில் ஊன்ற வேணும். கடல்மணல் வேண்டாம், அது உப்பும் சிப்பித்தூளும். மேலே பொலித்தீன் பை கவிழ்த்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை.

நல்லூர்:

நன்றி அண்ணை. விளிம்பில் பொருக்கு இருக்கு, பீப்பாய் வைக்கிறோம். டுரன்டாவும் இதேமாதிரி மஞ்சள்தானே, மலிவும். வேலியின் மிச்சப் பாதிக்கு அதை வைக்கலாமோ?

கொண்டாவில்:

வைக்கலாம், கத்தரிப்பைத் தாங்கும். ஆனால் இலையில் இந்த வாசமில்லை. கத்தரிக்காமல் விட்டால் காய்க்கும் மஞ்சள் காய் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வளவென்றால் காய் பிடிக்கவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேணும். படலையடியில், ஆட்கள் உரசிக்கொண்டு போகிற பக்கத்துக்கு மெலலூக்காவை வையுங்கோ. இதன் வாசம் தொட்டால்தான் வரும்.