28 கம்பிகளைக் குறைக்க வழி உண்டா?

கம்பிச்சிக்கல்:
நான்கு இலக்கக் கடிகாரம் ஒன்றைப் பலகையில் செய்துகொண்டிருக்கிறேன். இலக்கத்துக்கு ஏழு கோடுகள், கோட்டுக்கு நான்கு சிவப்பு எல்.இ.டி.; தொடரிணைப்பில் 12 வோல்ட்டில் எரிகின்றன. முதல் இலக்கம் முடிந்தது. முன்பக்கம் கச்சிதம், பின்பக்கம் குருவிக்கூடு. நான்கும் சேர்ந்தால் 28 கம்பிகள். கடிகாரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையான அர்டுயினோ ஊனோவில் இருப்பதோ 20 இணைப்புக் கால்கள். எல்.இ.டி. இலக்கங்களை இயக்கும் மேக்ஸ்7219 சிப் போட்டால் போதும் என்கிறார்கள். சரிதானா?

பழைய ரேடியோ:
உங்கள் பலகைக்குச் சரிப்படாது. அந்தச் சிப் 5 வோல்ட்டில் ஓடுவது. சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். தொடரில் நான்கு என்றால் 8. மினுங்கக்கூடச் செய்யாது. ஆயத்தமாக விற்கும் சிறிய இலக்கங்களுக்கு அது அருமையான சாமான். அதற்காக, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஒவ்வொரு கோட்டையும் அர்டுயினோ வரை இழுத்து வருவதால்தான் கம்பி பெருகுகிறது. டி.பி.ஐ.சி.6பி595 ஷிப்ட் ரெஜிஸ்டர் (ஒரே கம்பியில் வரிசையாக வரும் தகவலை எட்டு வெளியீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிப்) நான்கு வாங்கி, ஒவ்வோர் இலக்கத்தின் முதுகிலும் ஒன்றைப் பொருத்துங்கள். அதன் எட்டு வெளியீடுகளும் 50 வோல்ட் வரை தாங்கும். கோட்டின் நேர்முனை 12 வோல்ட்டுக்கு, எதிர்முனை 220 ஓம் மின்தடை வழியாகச் சிப்புக்கு. மீதமுள்ள 4 வோல்ட்டில் சுமார் 18 மில்லி ஆம்பியர் ஓடும். கோட்டுக் கம்பிகள் விரல் நீளத்தைத் தாண்டாது.

ஒரு சிப்பின் தொடர் வெளியீடு அடுத்ததன் உள்ளீட்டுக்குப் போகும். பலகைகளுக்கு இடையே ஆறே கம்பிகள்: 12 வோல்ட், 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா (தகவல்), கிளாக் (தகவலை ஒவ்வொன்றாக நகர்த்தும் துடிப்பு), லாட்ச் (வந்த தகவலை வெளியீட்டில் காட்டச் சொல்வது). சிப்பில் தகவலைத் துடைக்கும் அழிப்புக் காலை 5 வோல்ட்டிலும், வெளியீடுகளை எரிய விடும் அனுமதிக் காலை கிரவுண்டிலும் கட்டிவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் இலக்கங்கள் பேயாட்டம் ஆடும். எட்டாவது வெளியீடு மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவிலுள்ள புள்ளிகளுக்கு உதவும்.

ஒற்றைக்கோடு:
புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு விளக்கையும் தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய டபிள்யூ.எஸ்.2812பி எல்.இ.டி. பட்டையைப் பார்க்கலாம். மின்சாரத்துக்கு இரண்டு, டேட்டாவுக்கு ஒன்று, மூன்றே கம்பிகள். எட்டு என்ற இலக்கத்தைக் கை எடுக்காமல் வரைய முடியும் என்பது இங்கே கைகொடுக்கும். நடுக்கோட்டின் இடது முனையில் தொடங்கி மேலே ஏறி, உச்சி, வலப்பக்கம் இறங்கி, நடுக்கோட்டில் இடதுபுறம் திரும்பி, கீழே இறங்கி, அடி, வலப்பக்கம் ஏறினால் நடுக்கோட்டின் வலது முனையில் முடியும். அடுத்த இலக்கம் அதற்கு நேர் எதிரே தொடங்குகிறது. பட்டையிலுள்ள அம்புக்குறியின் திசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கம்பிச்சிக்கல்:
எல்.இ.டி.கள் ஏற்கெனவே கையில் இருப்பதால் சிப் வழியே போகிறேன். இரவில் வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா?

பழைய ரேடியோ:
முடியும். அப்படியென்றால் அனுமதிக் காலை கிரவுண்டில் கட்டாமல், ஏழாவது கம்பியாக ஊனோவின் 9ஆம் காலுக்குக் கொண்டுவந்து பி.டபிள்யூ.எம். (வேகமாக அணைத்து எரிய விட்டு வெளிச்சத்தைக் குறைக்கும் துடிப்பு) கொடுங்கள், நான்கு இலக்கங்களும் ஒன்றாக மங்கும். அந்தக் கால் தலைகீழாக வேலை செய்யும்: 0 கொடுத்தால் முழு வெளிச்சம், 255 கொடுத்தால் இருட்டு.