கோணல் என்று நான் தள்ளிவிட்ட டீ மேசை

வட்டமேசை:
மூன்று கால், மேல்பலகையாகச் சாய்க்கிற வட்டத் தட்டு, மஹோகனி மரம்: பழைய டீ மேசை. இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். சஃபோக்கில் ஓர் ஏலத்தில் 45 பவுண்டுக்கு எடுத்தேன். டீ குடித்து முடித்ததும் தட்டைச் சாய்த்து மூலையில் ஒதுக்கிவிடலாம். ஆனால் தட்டு சரியான வட்டமாக இல்லை, அது ஓர் உறுத்தல். வீடு மாறும்போது 60 பவுண்டு என்று விளம்பரம் போட்டேன். ஒரு பெரியவர் வந்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து மர ரேகையோடு ஒரு தடவை, ரேகைக்குக் குறுக்கே ஒரு தடவை அளந்தார். குறுக்கே கால் அங்குலம் குறைவு. நானே முந்திக்கொண்டு, "கொஞ்சம் கோணல்தான், 50 கொடுங்கள் போதும்" என்றேன். சிரித்துவிட்டு 60 பவுண்டையே எண்ணி வைத்தார். மரம் குறுக்குவாக்கில்தான் சுருங்கும், இருநூறு வருடத் தட்டு கச்சிதமான வட்டமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பழசுப்பிரியன்:
அண்ணா, அவசரப்பட்டு அழ வேண்டாம். தட்டு பழசு என்றால் மேசையும் பழசு என்று ஆகிவிடாது. கணப்புக்கு முன்னால் நிறுத்தும் திரையின் முக்காலியை எடுத்து, வேறெதன் தட்டையோ மாட்டி, ஒயின் மேசை (ஒயின் கிளாஸ் வைக்கும் சின்ன மேசை) என்று விற்றிருக்கிறார்கள். வியாபாரிகள் இதற்கு வைத்த பெயர் 'கல்யாணம்'. 1750 பாணியை நூறு வருடம் கழித்து விக்டோரியா ராணி காலத்திலும் அப்படியே புதிதாகச் செய்தார்கள், அது வேறு. நான் 120 பவுண்டு கொடுத்து வாங்கியதைக் கவிழ்த்துப் பார்த்தேன். தட்டின் அடியில் திருகாணி இல்லாத பழைய துளைகள் நான்கு, முன்பு வேறெதிலோ மாட்டியிருந்த தட்டு. கல்யாணமேதான்! உங்களுடையதன் அடிப்பக்கப் போட்டோ இருக்கிறதா?

ஹாரோ அக்கா:
எங்களுடையது பெம்புரோக் என்கிற மேசை. இரண்டு பக்கமும் மடங்கும் பலகை. மைத்துனரின் முழங்கால் பட்டு, பலகையைத் தாங்கும் மரக்கை உள்ளே போய்விட்டது. ரசப் பாத்திரம் அவர் மடியில். சரி, அதை விடுங்கள். யாரும் ஸ்ப்ரே பாலிஷ் அடிக்காதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கோன் ஊறிவிட்டால் பிறகு பிரெஞ்சு பாலிஷ், அதாவது பழைய மேசைகளுக்குப் போடும் அரக்குப் பூச்சு, ஒழுங்காகப் பிடிக்காது. தேன்மெழுகு போதும், அதுவும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் பலகை வெடிக்கும். காபி டம்ளரைச் சூடாக வைத்தால் வெள்ளை வளையம் விழும், அரக்குப் பூச்சு சூடு தாங்காது. நகர்த்தும்போது மடக்குப் பலகையைப் பிடித்துத் தூக்காதீர்கள், கீழ்ச்சட்டத்தைப் பிடியுங்கள்.

வட்டமேசை:
அக்கா, மேசையே கையில் இல்லை, மெழுகை எதில் தேய்ப்பது? தம்பி, மகள் பிறந்தநாளுக்கு அதன் மேல் கேக் வைத்து எடுத்த போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் மேசைவிரிப்பு தரை வரை தொங்குகிறது.