அதே கூட்டல், லூப்பை மாத்தினா 10 மடங்கு மெதுவு: ஏன்?

கேள்வி:
சி-யில 4096 × 4096 இன்ட் அணி, மொத்தம் 64 எம்பி. மேலாக்ல (malloc) மெமரி வாங்கி, மதிப்பு எழுதி, கூட்டறேன். ரோ (கிடைவரிசை) வாரியா போனா சட்டுனு முடியுது. லூப்பை மாத்தி காலம் (நெடுவரிசை) வாரியா போனா சுமார் 10 மடங்கு நேரம். ஜிசிசி கம்பைலர், ஓ2 ஆப்டிமைசேஷன். ரேண்டம் ஆக்சஸ் மெமரிதானே, எங்க தொட்டா என்ன?

பதில் 1:
அந்தப் பேரை நம்பாதீங்க. 4 பைட் கேட்டாலும் ராமிலிருந்து கேஷுக்கு (சிபியு பக்கத்துல இருக்கற சின்ன, வேகமான மெமரி) வர்றது 64 பைட் துண்டு, அதான் கேஷ் லைன். ரோ வாரியா போனா அதுல 16 இன்ட்டும் பயன்படும்; அடுத்த லைனை சிபியுவோட ப்ரீஃபெச்சர் ஊகிச்சு முன்னாடியே கொண்டுவந்துடும். காலம் வாரியா ஒவ்வொரு அடியும் 16384 பைட் தாவல். 4 பைட்டைத் தொட்டுட்டு நகர்றீங்க. அடுத்த காலத்துக்கு அதே லைன் வேணும். அதுக்குள்ள 4096 லைன் வந்து போயிருக்கும். முதல் மட்டக் கேஷான 32 கேபி எல்1-ல மொத்தமே 512 லைன்தான்.

பதில் 2:
கேஷ் பாதி கதைதான். ஓஎஸ் மெமரியைப் பேஜ் பேஜா பிரிச்சு வச்சிருக்கு; ஒரு பேஜ் 4 கேபி, ஆக ஒவ்வொரு அடியும் புதுப் பேஜ். எந்தப் பேஜ் ராம்ல எங்க இருக்குன்னு சிபியு குறிச்சு வைக்கிற இடம் டிஎல்பி. இன்டெல் ஸ்கைலேக் சிபியுல அதோட முதல் மட்டத்துல 64 பதிவு, ரெண்டாவதுல 1536. உங்களுக்கு ஒரு காலத்துக்கே 4096 பேஜ் வேணும். இல்லாத பதிவுக்கு சிபியுவே ராம்ல இருக்கற 4 அடுக்கு பேஜ் டேபிளை (முழு முகவரிப் பட்டியல்) ஏறி இறங்கித் தேடும். இது ஓஎஸ்ஸைக் கூப்பிடற பேஜ் ஃபால்ட் இல்ல, அதோட கெர்னல் காதுக்கே போகாது. அதனால டாப் கமாண்ட்ல சிபியு 100%னுதான் தெரியும். பெர்ஃப் ஸ்டாட் கமாண்ட்ல டிஎல்பி மிஸ் எண்ணிக்கையை எடுத்துப் பாருங்க. 2 எம்பி ஹ்யூஜ் பேஜ் போட்டா 32 பேஜ்ல அணி அடங்கிடும். கேஷ் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

கேட்டவர்:
ரோ நீளத்தை 4100 ஆக்கினேன், காலம் வாரியாவும் வேகம் கூடிடுச்சு. டேட்டா அதிகமாத்தானே ஆச்சு?

பதில் 1:
எல்1-ல 64 செட், செட்டுக்கு 8 லைன். எந்த லைன் எந்த செட்டுக்குன்னு முகவரிதான் முடிவு பண்ணும்; 4096 பைட்டுக்கு ஒரு தடவை அதே செட் திரும்ப வரும். 16384-ஐ 4096 மிச்சமில்லாம வகுக்கும், அதனால ஒரு காலம் முழுக்க ஒரே செட்ல போய் விழும். மத்த 63 செட்டும் சும்மா கிடக்கும். அடுத்த மட்டக் கேஷான எல்2-லயும் இதே நெரிசல்தான். 4100-ல ரோவுக்கு 16 பைட் நகருது, லைன்கள் எல்லா செட்டுக்கும் பரவுது. ஒரு காலத்தோட 4096 லைன் 256 கேபிதான், எல்2 1 எம்பி இருந்தா தாராளமா நிக்கும். ஆனாலும் இது ஒட்டுப்போடற வேலை. லூப்பைத் திருப்பறதுதான் சரி.

பதில் 2:
மதிப்பு எழுதுற வரியை மட்டும் எடுத்துடாதீங்க. எழுதாத பேஜைப் படிச்சா லினக்ஸ் எல்லாத்தையும் ஒரே பூஜ்யப் பேஜுக்குக் காட்டிடும். 64 எம்பின்னு நினைச்சு 4 கேபியை அளந்துட்டிருப்பீங்க.