காவடி நாளில் நின்றுபோன சர்வர்: கார்பேஜ் கலெக்டரோடு நம் அனுபவங்கள்

மொரீஷியஸின் எபேனில் பணிபுரியும் உறுப்பினர்:

ஜாவா மொழியில் எழுதினால், பயனற்ற நினைவகத்தைத் தானாகவே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருப்பதால், நினைவகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஆறு ஆண்டுகளாக நம்பியிருந்தவன் நான். விடுதி அறைகளை முன்பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை எங்கள் குழு பராமரித்தது. புதன்கிழமைதோறும் புதிய பதிப்பை ஏற்றுவோம். அப்போது சர்வர் மறுதொடக்கம் ஆகும். தைப்பூசக் காவடி வாரத்தில் மட்டும் ஆள் போதாமல் ஏற்றவில்லை. கோர் தெ கார்ட் மலைக் கோவிலில் தம்பியின் காவடிக்குத் துணையாகப் படியேறிக்கொண்டிருந்தபோது, ‘அவுட் ஆஃப் மெமரி’ பிழையுடன் சர்வர் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. வாராந்திர மறுதொடக்கம்தான் அதுவரை நினைவகக் கசிவை, அதாவது விடுபடாத நினைவகம் சேர்ந்துகொண்டே போவதை, மறைத்துவந்திருக்கிறது.

நிரலின் ஆப்ஜெக்ட்டுகள் தங்கும் நினைவகப் பகுதியான ஹீப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. கலெக்டரின் வேலையைப் பதிவுசெய்யும் ஜிசி லாகைப் பார்த்தால், முழுச் சேகரிப்பு ஒவ்வொன்றும் முடிந்த பிறகும் எஞ்சிய அளவு 600 எம்பி, 900, 1400 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. கலெக்டர் தன் வேலையைச் செய்யத்தான் செய்தது. அகற்றுவதற்குத்தான் அதற்கு எதுவும் அகப்படவில்லை. 1959-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக இதை வகுத்த நாள்தொட்டு இவ்வகைக் கலெக்டர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் மெத்தடுகளின் மாறிகள் இருக்கும் ஸ்டாக், நிரல் ஓடும்வரை நீடிக்கும் ஸ்டாட்டிக் மாறிகள் போன்ற வேர்களிலிருந்து, ஒன்று மற்றொன்றைச் சுட்டும் ரெஃபரன்ஸ்களைப் பிடித்துக்கொண்டே போனால் இந்த ஆப்ஜெக்ட்டை எட்ட முடிகிறதா? எட்ட முடிந்தால், அது நமக்கு இனித் தேவைப்படுமா என்பது அதற்குத் தெரியாது.

ஹீப்பில் அப்போது இருந்தவற்றின் நகலான ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தோம். தேடல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் ஸ்டாட்டிக் ஹாஷ்மேப் (கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை) ஒன்றே பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. விடுதி, தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தது அதன் கீ. கீயின் கிளாஸில் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் என்ற மெத்தடுகள் இரண்டையும் எழுத மறந்திருந்தோம். (எழுதியவன் நானே.) அவை இல்லாவிட்டால் ஒரே விவரங்களைக் கொண்ட இரண்டு கீக்களை ஜாவா வெவ்வேறாகவே கருதும், ஆகவே சேமித்தது ஒருபோதும் திரும்பக் கிடைக்கவில்லை, ஒவ்வொரு தேடலும் புதிதாக ஒன்றைச் சேர்த்தது.

அவசரத்தில் வீக்ஹாஷ்மேப்புக்கு மாற்றினேன்; அதுவும் பலிக்கவில்லை. அந்த வகை மேப்பில், கீயை வேறு எதுவும் பிடித்திராவிட்டால் அந்தப் பதிவு தானாக உதிர வேண்டும். எங்கள் முடிவு ஆப்ஜெக்ட்டோ தனக்குள்ளேயே அந்தக் கீயை வைத்திருந்ததால், மேப் முடிவைப் பிடிக்க, முடிவு கீயைப் பிடிக்க, எதுவுமே உதிரவில்லை. இறுதியில் அந்த இரண்டு மெத்தடுகளையும் எழுதி, பழைய பதிவுகள் தானாக விழும்படி எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் வைத்தோம். முழுச் சேகரிப்புக்குப் பின் எஞ்சுவது இப்போது 500 எம்பியைத் தாண்டுவதில்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் ஸ்விஃப்டில் ஐபோன் செயலிகள் எழுதுகிறேன். அங்கே வேர்களிலிருந்து தேடிவரும் கலெக்டர் கிடையாது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை சுழியமானதும் அது விடுவிக்கப்படும். எனவே எபேன் அண்ணனுக்கு நேராத ஒரு தொல்லை எனக்கு நேர்ந்தது. செயலியின் திரையொன்று, பின்னர் இயக்குவதற்காக வைத்திருக்கும் நிரல் துண்டான ஒரு குளோஷரைப் பிடித்திருந்தது. அந்தக் குளோஷர் திரும்ப அதே திரையைப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து யாருமே பிடிக்காதபோதும் இரண்டின் எண்ணிக்கையும் சுழியமாகாமல் 1-இலேயே நின்றது. ஜாவாவில் இத்தகைய வட்டத்தை வேர்களிலிருந்து எட்ட முடியாது என்பதால் கலெக்டர் சேர்த்தே அள்ளிவிடும். திரையை மூடியபோதெல்லாம் ஆப்ஜெக்ட் விடுவிக்கப்படும்போது ஓடும் டீஇனிட்டில் எழுதிவைத்த பிரிண்ட் வரி வராததைக் கண்டுதான் பிடித்தேன். குளோஷருக்குள் திரையைக் குறிக்கும் செல்ஃபை, எண்ணிக்கையில் சேராத வீக் ரெஃபரன்ஸ் ஆக்கியதும் அந்த வரி வந்தது.

காத்ர் போர்னிலிருந்து ஓர் உறுப்பினர்:

நினைவகம் தாராளமாக இருந்தும் எங்கள் சர்வர் நின்றது. டேட்டாபேஸ் இணைப்புகளை கலெக்டரே மூடிவிடும் என்று ஆப்ஜெக்ட்டை அகற்றும்முன் அழைக்கப்படும் ஃபைனலைஸ் மெத்தடை நம்பி ஒருவர் எழுதியிருந்தார். ஹீப்பில் இடம் நிறைய இருந்ததால் கலெக்டர் அவசரப்படவில்லை. அதற்குள் இணைப்புகள் தீர்ந்துபோயின. ஃபைனலைஸைத் தவிர்க்கும்படி 2017-இல் ஜாவா 9 வந்தபோதே சொல்லிவிட்டார்கள். இணைப்பைத் திறக்கும் வரிகளை, வேலை முடிந்ததும் இணைப்பைத் தானே மூடிவிடும் டிரை-வித்-ரிசோர்சஸுக்குள் வைத்தோம். பதினொரு இடங்கள், ஒரு பிற்பகல் வேலை.