ஏற்காடு பங்களா ஐஸ் தாடிக்காரர் படம், பாத்தவங்க எழுதுங்க

மழைக்காடு:
அந்த ஹால்ல மாட்டியிருக்குற படத்த இங்க பாதிப் பேரு பாத்திருப்பீங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர், விடாத மழை, கரண்ட் போயிருச்சு. செல் டார்ச் அடிச்சுட்டு படி இறங்குறேன், வெளிச்சம் அவரு மூஞ்சில பட்டதும் தாடி பூரா மினுக்குது. கிட்டப் போனா வெள்ளிக் கம்பித் துண்டு, ஒவ்வொண்ணும் அரிசி நீளம் கூட இல்ல. கோட்டு காபி மூட்டை சாக்கு, அதுல மை எழுத்து கூட அழியல. பின்னாடி பனிக்கு நம்ம வெள்ளக்கல் பொடி. கண்ணு மட்டும்தான் பெயிண்ட், அது நம்மள பாக்கல, நமக்குப் பின்னாடி யாரு வர்றாங்கன்னு எண்ணுது. நான் சட்டுனு திரும்பி என் பையன் வர்றானான்னு பாத்தேன். இன்னமும் அது மனச விட்டுப் போகல. 1912ல தென் துருவம் போயிட்டு திரும்பி வர்ற வழியில இறந்த ஸ்காட் தானே அது?

பட்டறைப் பொண்ணு:
ஸ்காட் இல்லீங்க, ஷாக்கில்டன். மூலையில நசுங்குன கப்பல் இருக்கே, அது எண்ட்யூரன்ஸ், 1915ல அண்டார்டிகா ஓரத்து வெட்டல் கடல்ல ஐஸ் நெருக்கியே முழுகிருச்சு. 22 பேர எலிஃபண்ட் தீவுல விட்டுட்டு 5 பேரோட சின்னப் படகுல சுமார் 1300 கிலோமீட்டர் கடலக் கடந்து உதவி தேடி தெற்கு ஜார்ஜியா போனாரு. விட்டுட்டு வந்தவங்கள மீட்கக் கிளம்புனா, நாலாவது தடவைதான் கப்பல் எலிஃபண்ட் தீவுகிட்ட போக முடிஞ்சுது. அப்ப கரையில தெரியுற தலைங்கள பைனாகுலர்ல எண்ணுனாராம், 22 பேரும் உசுரோட இருந்தாங்க. நீங்க சொன்ன கண்ணு அதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை, அப்பா அந்தத் தாடி முன்னாடி பேசாம நின்னாரு, பெருக்கி அள்ளுற துண்டு தானம்மா இதுன்னாரு.

கொண்டை ஊசி 20:
எல்லாரும் பொழச்சாங்கன்னு முடிச்சுடாதீங்க, அதே பயணத்துல அண்டார்டிகாவோட இன்னொரு பக்கம், ராஸ் கடல் வழியா போன குழுவுல 3 பேரு செத்தாங்க. நான் ஒரே தடவ பாத்தேன், சாக்கு ஓரத்துல பூஞ்சை. இதத்தான் சொல்ல வந்தேன். ஏற்காட்டு மூடுபனிக்கு சுவரே வேர்க்கும், படத்த சுவரோட ஒட்டி மாட்டக்கூடாது, பின்னாடி நாலு மூலைக்கும் கட்டை வச்சா காத்து போகும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம், காஞ்ச மெல்லிசு பிரஷ் போதும். முன்னாடி கண்ணாடி போட்டா ஒட்டாம இடைவெளி விட்டுப் போடணும். வெள்ளி கருக்கத்தான் செய்யும், கருத்துருச்சேன்னு விபூதி போட்டு யாரும் தேச்சுடாதீங்க, அத்தனையும் உதிர்ந்துரும். அடுப்பு, சாம்பிராணிப் புகை எதுவும் அந்த ஹால்ல கூடாது. பங்களாவுல யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

மழைக்காடு:
ஷாக்கில்டன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா. அடியில வரிசையா காபிக்கொட்ட ஒட்டியிருக்குமே, நான் அழகுக்குன்னு விட்டுட்டேன். நேத்து ராத்திரி போட்டோவ பெருசு பண்ணி நானும் பையனும் எண்ணுனோம். 21. கடைசியில ஒரு இடத்துல பசைத்தடம் மட்டும் இருக்கு. அடுத்து யாரு மேல போனாலும் படத்துக்குக் கீழ, அந்த மரப்பலக இடுக்குல கொஞ்சம் பாருங்க.