படகுக்குப் பெயின்ட் கூடாரம்: வேலை முடிந்தது

திருவொற்றியூர் வீட்டு முற்றத்தில் அப்பாவின் பழைய ஃபைபர் படகுக்குப் பெயின்ட் அடிக்கத் தற்காலிகக் கூடாரம் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டாயிற்று, மேல்கோட்டும் முடிந்தது.

சவுக்குக் கம்பு வேண்டாம், பட்டை உரிந்து தூசு கொட்டும் என்று சொன்னவர்களுக்கு நன்றி. பிவிசி குழாயில் சட்டம் கட்டி பாலிதீன் ஷீட் போர்த்தினேன். ஒரு முனையில் ஃபில்டர் துணி வழியே காற்று வரும், மறுமுனையில் எக்ஸாஸ்ட் ஃபேன். சாதாரண மோட்டாரின் பொறி பட்டால் தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும். அதனால் தீ வெளியே பரவாத ஃப்ளேம்ப்ரூஃப் ஃபேன்தான். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் கோட்டை விடியற்காலையில் அடித்தது தப்பு. ஈரம் படிந்து பளபளப்பே போய்விட்டது. உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்த்தேன், தோள் இன்னும் வலிக்கிறது. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், படகின் மேற்பரப்பு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். அப்புறம் வெயில் ஏறிய பிறகு, கடல்காற்று கிளம்பும் முன் அடித்தேன். முந்தின நாளே படகில் படிந்திருந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டேன்.

பலர் சொன்ன, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டை விட்டுவிட்டு எனாமல் அடித்தேன். பாலியூரித்தேனை இறுக வைக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. எனாமல் சீக்கிரம் மங்கும்தான். சரி, மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

நேற்று சாயங்காலம் ஷீட்டைப் பிரித்தோம். அப்பா நீல விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.