முன்பின் அறியாத கிருமியை உடல் எப்படி அடையாளம் காண்கிறது?

கேள்வி:
விரலில் முள் தைத்த சில மணி நேரத்திலேயே அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகிவிடுகிறது. முன்பின் அறியாத கிருமியை உடல் இவ்வளவு விரைவில் எப்படி இனங்காண்கிறது?

பதில் 1:
ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே அறிந்திருக்கத் தேவையில்லை என்பதே இயல்பு நோயெதிர்ப்பின், அதாவது பிறவியிலேயே அமைந்த பாதுகாப்பின், சிறப்பு. பாக்டீரியாவின் செல்சுவர்க் கூறுகளைப் போல, மனித உடலில் இல்லாதவையும் கிருமிகளால் எளிதில் கைவிட முடியாதவையுமான பொது அமைப்புகளை, திசுக்களில் காத்திருக்கும் பெருவிழுங்கிகள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள்) தம் மேற்பரப்பிலுள்ள டோல் வகை ஏற்பிகள் என்னும் உணர்வுப் புரதங்களால் உணர்ந்து, சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் இரத்த நுண்குழாய்கள் விரிந்து கசியத் தொடங்க, இரத்தத்தில் சுற்றும் மற்றொரு வகை வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் குழாய்ச் சுவரின் மேல் உருண்டு, ஒட்டி, செல்களின் இடுக்கு வழியே வெளியேறி, கிருமிகளை விழுங்குகின்றன. சீழில் பெரும்பகுதி, அவ்வாறு மடிந்த நியூட்ரோஃபில்களே.

பதில் 2:
முள் என்றதும், விழுங்கு செல்களை ஆராய்ந்த உயிரியலாளர் மெச்னிகோவ்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். 1882-இல் அவர், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் அதைச் சுற்றி மொய்த்திருந்தன. எவ்வளவு எளிய சோதனை! நோயெதிர்ப்பு ஆய்வுக்காக 1908-இல், அதே துறை அறிஞர் பால் எர்லிச்சுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முள் தூய்மையாக இருந்தாலும் வீக்கம் வருமா?

பதில் 1:
ஓரளவு வரும். சிதைந்த செல்களிலிருந்து கசியும் பொருள்களையும் அந்தப் பெருவிழுங்கிகள் எச்சரிக்கையாகவே உணர்கின்றன.